ஆப்பரேஷன் தையல பிரிச்சு விட்டுட்டாங்க, திரும்ப தைக்க மாட்டேங்கிறாங்க, இது சரியா?

பால்மரத்துநிழல்:

வணக்கம் எல்லாருக்கும். ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவங்க யாராச்சும் இங்க இருந்தா கொஞ்சம் படிச்சுப் பாத்து சொல்லுங்க, ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு. நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துலதான் இருக்கோம். வீட்டுக்காரருக்கு 46 வயசு, செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுற வேலை, இனிப்பு நீர் (சுகர்) இருக்கு, மாத்திரை ஒரு நாள் போடுவாரு ரெண்டு நாள் மறந்துடுவாரு. போன மாசக் கடைசியில வயித்த வலிக்குதுன்னாரு, வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி, பெனடோல்னு மூணு நாள் ஓட்டிட்டோம், நாலாவது நாள் ஆளு நிமிர்ந்து நிக்க முடியல, தூக்கிட்டு ஓடுனா குடல்வால் உள்ளயே வெடிச்சுப் போச்சுன்னு சொல்லி அன்னிக்கு நடுராத்திரியே ஆப்பரேஷன். சின்ன ஓட்டை போட்டு செய்யற மாதிரி இல்ல, தொப்புளுக்கு மேல இருந்து அடிவயிறு வரைக்கும் நேரா ஒரே கோடு, ஸ்டேப்ளர் பின் வரிசையா அடிச்சிருந்தாங்க.

ஆறாவது நாள் தொப்புளுக்கு கீழ செவந்து போயி தொட்டா சுடுது, எரியுதுன்னாரு. டாக்டர் வந்து லேசா அமுக்குனாரு, கீழ்ப்பக்கம் நாலு பின்ன எடுத்தாரு, அவ்வளவுதான், அரை கிளாஸ் இருக்கும் சீழ், அந்த வாடை இன்னும் என் மூக்குல இருக்கு. அப்புறம் நீளமா ஒரு துணிய இடுக்கியால உள்ள விடுறாங்க விடுறாங்க போய்க்கிட்டே இருக்கு. நான் திரையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்து கீழ உக்காந்துட்டேன், அப்புறம் மிஸி (நர்ஸ்) என்னைப் பாக்க வேண்டியதா போச்சு.

இப்ப 11வது நாள், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. புண்ணு அப்பிடியே தெறந்து கெடக்கு, 7 சென்டிமீட்டர் நீளம் 3 சென்டிமீட்டர் ஆழம்னு கார்டுல எழுதியிருக்கு. தினமும் கிளினிக் கெசிஹாத்தான்ல (கவர்மெண்ட் கிளினிக்) கட்டு மாத்தணுமாம். ஆன்டிபயாடிக்கும் குடுத்து விடல. ஏன் தைக்கலன்னு கேக்கலாம்னா டாக்டர் மலாய்ல மளமளன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்கு போயிட்டாரு, இவரு எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. என் மாமியார் பாதியில விட்டுட்டாங்க, கவனிப்பு இல்ல, தனியார்ல காசு குடுத்தாவது தைச்சு மூடிடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. முட்டை, கோழி, மீனு ஒன்னும் குடுக்கக்கூடாது சீழ் வைக்கும்னு வேற, நாலு நாளா ரசம் சோறும் பிஸ்கட்டும்தான். இருமுனா குடலு வெளிய வந்துடுமோன்னு எனக்கு உசுரே போகுது. தைக்கச் சொல்லி சண்டை போடணுமா, இல்ல இப்பிடித்தான் விடுவாங்களா?

ரிட்டையர் மிஸி:

தங்கச்சி, உன் வயசு தெரியல, தங்கச்சின்னே கூப்பிடுறேன். 31 வருசம் கவர்மெண்ட் வார்டுல இருந்தவ நான், அதுல பாதி சர்ஜிக்கல் வார்டு. முதல்ல தண்ணி குடிச்சிட்டு உக்காரு. உன் வீட்டுக்காரருக்கு செஞ்சது சரி, பாதியில விடல. உன்கிட்ட உக்காந்து அஞ்சு நிமிசம் சொல்லியிருக்கலாம், சொல்லல, அது மட்டும்தான் தப்பு.

வயித்த மூடுறது ஒரு தையல் இல்லம்மா. மேல தோலு, அதுக்கு கீழ மஞ்சக் கொழுப்பு, அதுக்கும் கீழ தசைய இழுத்துப் பிடிச்சிருக்குற வெள்ளையா கெட்டியா ஒரு நார்ப்படலம், டாக்டருங்க ஃபேசியாம்பாங்க. குடல உள்ள வச்சு பூட்டியிருக்கறது அந்த நார்ப்படலத்துல போட்ட தையல். தோலுல அடிச்ச பின்னு சட்டை பட்டன் மாதிரி, அவ்வளவுதான். உன் ஆளுக்கு கழட்டுனது பட்டன மட்டும். அடியில பூட்டு பூட்டுனபடி இருக்கான்னு டாக்டர் அன்னிக்கே விரலு இல்லன்னா குச்சி விட்டு பாத்திருப்பாரு, அத பாக்காம யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. நாளைக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல "ஃபேசியா ஓக்கேவா"ன்னு மட்டும் கேளு, கார்டப் பாத்து சொல்லுவாங்க.

ஏன் திரும்ப தைக்கலன்னா, குடல்வால் வெடிச்ச வயிறுன்னா உள்ள மலக்கிருமி பரவியிருக்கும், எவ்வளவு கழுவுனாலும் வெட்டுன கொழுப்புல கொஞ்சம் ஒட்டிக்கும், கொழுப்புக்கு ரத்த ஓட்டம் கம்மி, கிருமிக்கு அது நல்ல எடம். சீழ் வச்ச குழிய மேல தைச்சு மூடுனா சாக்கடைக்கு மூடி போட்ட கதைதான், ரெண்டு நாள் பாக்க அழகா இருக்கும், மூணாவது நாள் காய்ச்சலோட திரும்ப வருவாரு, அப்ப இன்னும் ஆழமா போயிருக்கும். அதனால தெறந்து விட்டு, கழுவி, அடியில இருந்து சதை வளந்து மேல வரட்டும்னு விடுவாங்க. மேலாக்க தோலு மூடி அடியில பொந்து நின்னுடக்கூடாது, அதுக்குத்தான் அந்த நீளத் துணி, தோலோட வாய தெறந்தே வச்சிருக்கும், ஊறுற தண்ணிய உறிஞ்சிக்கும். சில கேஸ்ல புண்ணு சுத்தமா ஆனப்புறம் டாக்டரே பாத்து ரெண்டு தையல் போட்டு நெருக்கி விடுவாரு, அது அவரு முடிவு பண்ணணும், உன் மாமியார் இல்ல. இந்த அளவு குழின்னா ஆறு வாரம் எட்டு வாரம் ஆகலாம், இனிப்பு நீரு ஏறி நின்னா இன்னும் இழுக்கும். மனச தயார் பண்ணிக்கோ.

ஆன்டிபயாடிக் ஏன் குடுக்கலன்னு கேட்டியே, சீழுக்கு மருந்தே அத வெளிய எடுக்கறதுதான். வார்டுல ஊசியில போன மருந்து வயித்துக்குள்ள பரவுனதுக்கு. இப்ப காய்ச்சல் இல்லாம, புண்ணச் சுத்தி செவப்பு பரவாம இருந்தா மேற்கொண்டு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு பால்பாயிண்ட் பேனாவால செவப்போட ஓரத்துல கோடு போட்டு வச்சுக்கோ, கோட்ட தாண்டுனா உனக்கே தெரியும், போயி காட்டு.

கட்டு மாத்தறதுக்கு அரை மணி முன்னாடி அவங்க குடுத்த வலி மாத்திரைய போட்டுட்டு கூட்டிட்டு போ, நம்ம ஆம்பளைங்க வீரமா இருக்கேன்னு போடாம போயி அங்க பல்லக் கடிப்பாங்க. கிளினிக்ல வெறும் சலைன் தண்ணியில கழுவுனா இது என்ன மருந்தே ஊத்தலன்னு கோவிச்சுக்காத, சலைனே போதும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கிருமியோட சேத்து புதுசா வளர சதையையும் சுட்டுடும். துணிய திணிக்கக்கூடாது, தளர்வா படுத்த வைக்கணும். இன்னொன்னு, எத்தனை துண்டு உள்ள போச்சு, எத்தனை வெளிய வந்துச்சுன்னு நீயும் எண்ணு. வெக்கப்படாத. நான் பாத்த ஒரு ஆளுக்கு ரெண்டு மாசமா தண்ணி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, எல்லாரும் இனிப்பு நீரு இனிப்பு நீருன்னே சொன்னாங்க, கடைசியில குழிக்குள்ள ஒரு ஓரத்துல பழைய துணித்துண்டு ஒன்னு ஒளிஞ்சு கெடந்துச்சு. வெரல் நகம் அளவுதான் இருக்கும்.

குழிய எட்டிப் பாக்க தைரியம் வந்தா பாரு. செக்கச்செவேல்னு, ஈரமா, மாதுளம்பழத்த பிளந்த மாதிரி பொரிப்பொரியா இருந்தா நல்ல சதை வளருது. மேல மஞ்சளா ஏடு மாதிரி ஒட்டியிருந்தா அது சீழ் இல்ல, செத்த சதை, அவங்க கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்க. சாம்பலா கருப்பா போனாலோ, வலி திடீர்னு தாங்க முடியாம ஏறுனாலோ, சுத்தி தோலுல கொப்புளம் வந்தாலோ, அமுக்குனா உள்ள நொறுநொறுன்னு காத்து இருக்கற மாதிரி தெரிஞ்சாலோ காலையில பாத்துக்கலாம்னு இருக்காத, அது மணிக்கணக்குல பரவுற கிருமி, அப்பவே எமெர்ஜென்சிக்கு ஓடணும். பச்சையாவோ காவிக் கலர்லயோ மல வாடையோட தண்ணி வந்தாலும் அப்பிடித்தான், குடலு எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

தோட்டத்துப் பேத்தி:

அக்கா கவலைப்படாதீங்க, எங்க பாட்டி தோட்டத்துல பால் மரம் வெட்டுன காலத்துல கத்தி கால்ல எறங்குனா மஞ்சத்தூளும் காப்பித்தூளும்தான் வச்சு கட்டுவாங்க, மூணே நாள்ல காஞ்சிடும். நீங்களும் கஸ்தூரி மஞ்சள் அரைச்சு வேப்பெண்ணெயில குழைச்சு ராத்திரி ஒரு தடவை வச்சுப் பாருங்க. ஆருவான் மீன் தைலம் பசார்ல விக்கிறாங்க, அதையும் ஊத்தலாம், மலாய்க்காரங்க பிள்ளை பெத்தா, ஆப்பரேஷன் செஞ்சா எல்லாத்துக்கும் அதுதான். முட்டை, இறால், கத்திரிக்காய் மட்டும் வேண்டவே வேண்டாம், பெரியவங்க சும்மா சொல்ல மாட்டாங்க.

நைட்ஷிஃப்ட் எம்ஏ:

பேத்தி, உங்க பாட்டி மேல எனக்கும் மரியாதை இருக்கு, எங்க அப்பாயியும் அதேதான் செஞ்சாங்க. ஆனா கால்ல மேலாக்க கீறுன காயம் வேற, வயித்துல 3 சென்டிமீட்டர் பொந்து வேற. அந்த பொந்துல மஞ்சத்தூளக் கொட்டுனா மறுநாள் அத கழுவி எடுக்கறது யாரு, எம்ஏ (மெடிக்கல் அசிஸ்டென்ட்) நான்தான். போன வருசம் ஒருத்தரு காப்பித்தூள் வச்சுட்டு வந்தாரு, எது கருகுன சதை எது காப்பின்னே தெரியாம முக்கா மணி நேரம் ஆச்சு, அவரு கத்துன கத்துல வெளிய உக்காந்திருந்த ரெண்டு பேரு எந்திரிச்சு வீட்டுக்கு போயிட்டாங்க. தேன் கட்டறது உண்மைதான், கிருமி நீக்குன மருத்துவத் தேன் தனியா வருது, சில எடத்துல பயன்படுத்துறோம், அதுக்காக அடுப்படி போத்தல்ல இருக்கறத ஊத்தாதீங்க.

ஆருவான் விசயத்துல பேத்தி சொன்னது பாதி சரி. தைலத்த குழியில ஊத்த வேண்டாம், மீன வயித்துக்குள்ள அனுப்புங்க. நம்ம ஊரு விரால்தான் அது, புரதம் நெறைய இருக்குற மீனு. அது ஒன்னுதான் ஆத்தும்னு இல்ல, கெம்புங் மீனும் ஆத்தும், கோழியும் ஆத்தும், முட்டையும் ஆத்தும். அக்கா, உங்க பதிவுலயே எனக்கு ரொம்ப பயமா இருந்தது திறந்த புண்ணு இல்ல, அந்த ரசம் சோறும் பிஸ்கட்டும்தான். புதுசா சதை கட்டணும்னா செங்கல்லு வேணும், செங்கல்லு புரதம். தினமும் புண்ணு வழியா ஊறிப் போற தண்ணியிலயும் புரதம் போகுது. நீங்க உள்ள ஒன்னும் அனுப்பாம மாவும் சக்கரையும் மட்டும் அனுப்புனா சதை வளராது, சுகர் மட்டும் வளரும். முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும்ங்கறது இல்லவே இல்ல, ஏற்கனவே முட்டையில அலர்ஜி உள்ளவங்க மட்டும்தான் ஒதுக்கணும். வெள்ளிக்கிழமை சைவம்னா தௌஃபூ, தெம்பே மாதிரி சோயா, பருப்பு, தயிரு. கிட்னி கோளாறு இருந்தா மட்டும் எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சுகர் எவ்வளவு இருக்குன்னு எழுதலையே? கிருமி இருந்தா சுகர் ஏறும், சுகர் ஏறுனா வெள்ளை அணுக்கள் மந்தமாயிடும், கிருமி கொழிக்கும், ரெண்டும் ஒன்ன ஒன்னு தூக்கி விட்டுக்கும். வார்டுல பொதுவா 10க்கு கீழ (இங்க mmol/L கணக்கு) வைக்கப் பாப்பாங்க. பாக்க வரவங்க எல்லாம் ஆளுக்கொரு ஹண்ட்ரட் ப்ளஸ் போத்தலும் மைலோ பாக்கெட்டும் வாங்கிட்டு வருவாங்க பாருங்க, எல்லாம் சக்கரைத் தண்ணி, அத பிள்ளைங்களுக்கு குடுத்துடுங்க. இன்சுலின் குடுத்திருந்தா பயந்துக்கிட்டு நிறுத்தாதீங்க, புண்ணு ஆறுறவரைக்கும்தான்னு கூட இருக்கலாம். சிகரெட்டு இருக்கா? இருந்தா இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க, புகை ரத்தக் குழாய சுருக்கிடும், புண்ணுக்கு ஆக்சிஜன் போகாது, இருமல் வேற.

தண்ணி ரொம்ப ஊறி ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை மாத்தற மாதிரி ஆனா வேக்குன்னு ஒரு மிசின் பத்தி சொல்லுவாங்க. குழிக்குள்ள கருப்பு ஸ்பாஞ்ச் வெட்டி வச்சு, மேல பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு குழாய் வழியா மெதுவா உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்துனா போதும். எல்லாருக்கும் தேவை இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு சொல்லியிருக்கற அளவுக்கு துணியே போதும்னு நெனக்கிறேன், பாக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. மாமியார் சொன்னாங்கன்னு வேற எடத்துல போயி மேல மூடி தைச்சிடாதீங்க. கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், ஆனா தினமும் போகணும், அதுதான் கஷ்டம், அதுல மட்டும் சோம்பல் படாதீங்க.

லோரிக்காரன்77:

இருமுனா குடல் வந்துடுமான்னு கேட்டீங்க இல்ல, எனக்கு வந்துச்சு. பயமுறுத்தறதுக்காக சொல்லல, என் கதை வேற உங்க கதை வேறன்னு தெரியறதுக்குத்தான் எழுதுறேன்.

2017ல எனக்கு அல்சர் ஓட்டையாயி இதே மாதிரி நடு வயித்துல வெட்டுனாங்க. நான் அப்ப நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு ஆளு. எனக்கு தோலு பாக்க சூப்பரா இருந்துச்சு, செவப்பு இல்ல சீழ் இல்ல, ஏழாவது நாள் வீட்டுக்கு வந்துட்டேன். எட்டாவது நாள் காலையில எந்திரிச்சா கைலி நனைஞ்சு போயிருக்கு. ரத்தம் இல்ல, சீழ் இல்ல, சிராப்ல தண்ணி அதிகமா ஊத்திட்டா ஒரு வெளுத்த ரோஸ் வருமே, அப்பிடி. வலி கூட இல்ல. புண்ணு தண்ணியா இருக்கும், வடிஞ்சா நல்லதுதான்னு வீட்டுல ஒரு டவல மடிச்சு வச்சு கட்டிட்டோம். அந்த ரோஸ் தண்ணிதான் முதல் மணி அடிச்சது, எங்களுக்கு தெரியல. மறுநாள் கக்கூஸ்ல முக்குனேன், அப்புறம் ஒரு இருமல், உள்ள பொத்துன்னு ஏதோ விட்டுப் போன மாதிரி இருந்துச்சு, குனிஞ்சு பாக்கறேன், டவலுக்கு கீழ ஈரமா பளபளன்னு என் குடலு. சத்தியமா சொல்றேன், சூடா இருந்துச்சு, அதுதான் இன்னும் மறக்கல.

பொண்டாட்டி அழுதுக்கிட்டே கையால உள்ள தள்ளப் போனா. நல்ல வேளை, பக்கத்து வீட்டுல பழைய தோட்டத்து டிரெஸ்ஸர் (தோட்டத்துல மருந்து கட்டுறவரு) ஒருத்தரு, எழுபது வயசு இருக்கும், ஓடி வந்து தொடாதன்னு ஒரு அதட்டு போட்டாரு. என்னைய மல்லாக்க படுக்க வச்சு, முட்டிக்கு கீழ தலகாணி குடுத்து காலை மடக்கி வச்சாரு, வயிறு தளரணுமாம். கொதிச்சு ஆறுன தண்ணியில உப்பு கொஞ்சம் போட்டு, புது வெள்ளைத் துணிய நனைச்சு குடலு மேல போத்துனாரு, காயக் காய ஈரம் பண்ணிக்கிட்டே இருந்தாரு. பஞ்சு வைக்காத ஒட்டிக்கும்னாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, தண்ணி கேக்கறேன், ஒரு சொட்டு குடுக்கல, திரும்ப மயக்க மருந்து குடுத்து தைக்கணும்டா குடிச்சா வாந்தி எடுப்பேன்னாரு. 999 அடிச்சு ஆம்புலன்ஸ்ல போயி அன்னிக்கே திரும்ப ஆப்பரேஷன். சர்ஜன் அப்புறம் எங்கிட்ட சொன்னாரு, இது பெரும்பாலும் அஞ்சாவது நாள்ல இருந்து பத்தாவது நாளுக்குள்ளதான் நடக்குமாம், நூலு மட்டும்தான் பிடிச்சிருக்கும், சதை இன்னும் சேந்திருக்காது, அப்ப இருமல், மலச்சிக்கல், வாந்தி, வயிறு உப்புறது எல்லாம் நூல சதையில அறுக்க விடுமாம்.

உங்க வீட்டுக்காரருக்கு தோலு தெறந்தும் அடி கெட்டியா இருக்கு, எனக்கு தோலு மூடியும் அடி விட்டுப் போச்சு. மேல பாத்து ஒன்னும் முடிவு பண்ண முடியாது. இருமும்போது தலகாணிய வயித்துல வச்சு ரெண்டு கையாலயும் அணைச்சுக்கச் சொல்லுங்க. படுக்கையில இருந்து நேரா எந்திரிக்காம, ஒருக்களிச்சு படுத்து, காலை கீழ விட்டு, கைய ஊணி எந்திரிக்கணும். மலம் கட்டுனா மிஸிகிட்ட லாக்டுலோஸ் சிரப் கேளுங்க, முக்கவே விடாதீங்க.

என் கதை அதோட முடியல. ஒன்னரை வருசம் கழிச்சு அதே எடத்துல நின்னா ஒரு மேடு, படுத்தா காணோம். ஹெர்னியா. வலை வச்சு தைச்சாங்க. லோரியில மூட்டை ஏத்துற வேலைய விட்டுட்டு இப்ப ஓட்டறது மட்டும்தான்.

பால்மரத்துநிழல்:

எல்லாருக்கும் கும்பிடு. லோரி அண்ணே, உங்க கதைய படிச்சிட்டு ராத்திரி ரெண்டு தடவை டார்ச் அடிச்சு அவரு கைலிய பாத்தேன், அவரு என்னாடி இதுன்னு கேக்கறாரு. கிளினிக்ல கேட்டேன், ஃபேசியா நல்லா இருக்குன்னு சொன்னாங்க. சுகர் அன்னிக்கு 14.8, ஒன்னும் சொல்றதுக்கில்ல. மிஸி அக்கா, இன்னிக்கு தைரியமா எட்டிப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரி செவப்பா இருக்கு, ஆனா ஆழத்துல ஒரு ஓரமா ஊதா கலர்ல நூலு ஒன்னு தெரியுது. தையல் நூல எடுக்க மறந்துட்டாங்களா? அப்புறம் அவரு இப்பவே எப்ப வேலைக்கு போகலாம்னு ஆரம்பிச்சிட்டாரு, மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) வேற போன் அடிக்கிறாரு.

ரிட்டையர் மிஸி:

அந்த நூல இழுத்துடாதம்மா! அதுதான் நான் சொன்ன பூட்டு. நார்ப்படலத்த தைச்ச நூலு, உள்ளயே இருக்கணும், தானா கரையற வகை, முழுசா கரைய ஆறு ஏழு மாசம் ஆகும், ஆறு வாரம் போல பலமா பிடிச்சிருக்கும். சதை வளந்து அத மூடிடும். சில பேருக்கு மாசக்கணக்குக்கு அப்புறம் தழும்புல ஒரு சின்ன பரு மாதிரி வந்து சீழு விட்டு விட்டு வரும், காயும், திரும்ப வரும், உள்ள நூலு முடிச்சு உறுத்துது அது, அப்ப காட்டுனா எடுத்து விடுவாங்க.

வேலைக்கு அவசரப்பட வேண்டாம்னு மண்டோர்கிட்ட நானே பேசவா? வெட்டுன எடம் மூணு வாரத்துல அசல் பலத்துல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும், மாசக்கணக்கு ஆனாலும் நூத்துக்கு எண்பது வரைக்கும்தான் வரும், பழைய மாதிரி முழுசா வரவே வராது. குலை ஒன்னு இருபது கிலோ இருக்கும், அந்த நீளக் கம்பு அரிவாள அண்ணாந்து பிடிச்சு இழுக்கறது முழுக்க வயித்து பலம்தான். சாதாரணமா ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க, கிருமி வந்த புண்ணுக்கு ஹெர்னியா வர வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி, அதனால மூணு மாசம் கேளு, எம்சி (மெடிக்கல் லீவு) முடியறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட லைட் வேலைக்கு லெட்டர் வாங்கிக்கோ. வயித்து பெல்ட்டு போட்டா எந்திரிக்க நடக்க சௌகரியமா இருக்கும், அது போட்டா ஹெர்னியா வராதுன்னு கடைக்காரன் சொன்னா நம்பாத.

நைட்ஷிஃப்ட் எம்ஏ:

மிஸி சொன்னதோட ஒன்னு. டாக்டருங்களும் இந்த ஹெர்னியா விசயத்துல சும்மா இல்ல, தைக்கிற முறையவே மாத்திக்கிட்டு வராங்க. முன்னாடி ஓரத்துல இருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி பெரிய பெரிய தையலா போடுவாங்க, 2015ல நெதர்லாந்துல 560 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 5 மில்லிமீட்டர்ல சின்னச் சின்னதா நெருக்கமா தைச்சவங்களுக்கு ஒரு வருசத்துல ஹெர்னியா 13 சதவீதம், பெருசா தைச்சவங்களுக்கு 21. ஆனா அது முன்கூட்டியே தேதி குறிச்சு செஞ்ச ஆப்பரேஷன், நடுராத்திரி வெடிச்ச வயிறுக்கு அந்த கணக்கு அப்படியே பொருந்தாது. அண்ணன் கம்பு தூக்காம இருக்கறதுதான் நம்ம கையில இருக்கறது. 14.8க்கு என்ன மருந்து மாத்துனாங்க?

பால்மரத்துநிழல்:

மன்னிக்கணும், ரொம்ப நாளா வரல. இன்சுலின் ராத்திரிக்கு ஒன்னு போட்டு விட்டாங்க, முதல் வாரம் அவரே குத்திக்க மாட்டேன்னாரு, மக குத்துனா, இப்ப அவரே குத்திக்கிறாரு. காலையில 7, 8னு நிக்குது. இன்னியோட 40 நாள். கார்டுல ஆழம் 3ன்னு இருந்தது 2.2, 1.5, இப்ப 0.6. துணி விடறத நிறுத்திட்டாங்க, மேல ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி பிளாஸ்டர், ரெண்டு நாளைக்கு ஒருக்கா போனா போதும். நடுவுல ஒரு நாள் செவப்பு கோட்ட தாண்டுச்சு, பேனாக் கோடு இருந்ததாலதான் தெரிஞ்சது, அன்னிக்கே போனோம், ஒரு வாரம் மாத்திரை குடுத்தாங்க, அடங்கிடுச்சு.

மாமியாருக்கு மிஸி அக்கா எழுதுனத அப்பிடியே படிச்சுக் காட்டுனேன். சட்டை பட்டன் கதைய கேட்டுட்டு ஒன்னும் பேசல. மறுநாள் காலையில அவங்களே ஆருவான் வாங்கிட்டு வந்து மிளகு தட்டிப் போட்டு சூப் வச்சிருந்தாங்க, பக்கத்துல அவிச்ச முட்டை ரெண்டு. கத்திரிக்காய மட்டும் இன்னும் வீட்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்க, அத நானும் பெருசு பண்ணல. அவருக்கு இப்ப ஆருவான் வாடையே பிடிக்கலையாம், கோழி கேக்கறாரு. நாளைக்கு பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போகணும், எம்ஏ தம்பி, கோழி தோலோட குடுக்கலாமா எடுத்துட்டா?